ராணுவத்துக்குள் பாலியல் குற்றம்: முடிவு யார் கையில் இருக்க வேண்டும்?

ராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் தொல்லையையும் வன்கொடுமையையும் எப்படித் தடுப்பது என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே பயிற்சி வகுப்பு, விழிப்புணர்வு வாரம், சுவரொட்டி என்று போய்விடுகிறது. அதெல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு நாடும் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாய் மீது புகார் கொடுத்தால், அதை விசாரிப்பதா, வழக்குப் போடுவதா என்று முடிவு செய்வது யார்? இதற்கு இன்று மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. அந்தப் பிரிவின் கமாண்டரே முடிவு செய்வது ஒன்று. ராணுவத்துக்குள்ளேயே, ஆனால் கமாண்டருக்குக் கட்டுப்படாத தனி அரசு வழக்கறிஞர்கள் முடிவு செய்வது இரண்டு. ராணுவத்தை விட்டே வெளியே எடுத்து, ஊரில் மற்ற எல்லோருக்கும் உள்ள போலீஸ், கோர்ட் கையில் ஒப்படைப்பது மூன்று.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்பதை வைத்து ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது போதாது. புகார் முதன்முதலில் இன்னொருவர் காதில் விழுந்த பிறகு வரும் சில நாட்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஏன் என்பதற்கு மூன்று நாடுகள், மூன்று பெண்கள்.

வனெஸா கியென். அமெரிக்கத் தரைப்படை, டெக்சஸில் உள்ள ஃபோர்ட் ஹூட் முகாம், வயது 20. 2020 ஏப்ரல் 22 அன்று முகாமின் ஆயுதக் கிடங்கில் சக சிப்பாய் ஒருவன் அவரைக் கொன்றான். உடல் கிடைத்தது ஜூன் 30 அன்றுதான். தனக்குப் பாலியல் தொல்லை நடந்ததாக அவர் வீட்டில் சொல்லியிருந்தார் என்று குடும்பத்தினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மறு வருடம் வந்த தரைப்படையின் சொந்த விசாரணை அறிக்கை அது உண்மை என்று ஒப்புக்கொண்டது. தொல்லை கொடுத்தவர் கொலைகாரன் அல்ல, வேறொரு மேலாளர். வனெஸா இரண்டு முறை வாய்மொழியாகச் சொல்லியும், கேட்டவர்கள் அதை மேலே கொண்டுபோகவே இல்லை.

ஜேஸ்லி பெக். பிரிட்டிஷ் பீரங்கிப் படை, வயது 19. 2021 ஜூலையில் ஒரு பணி நிகழ்ச்சியில் மூத்த அதிகாரி ஒருவர் அத்துமீறி நடந்துகொள்ள, அன்று இரவைக் காரைப் பூட்டிக்கொண்டு அதற்குள்ளேயே கழித்தார். மறுநாளே புகார் சொல்லிவிட்டார். ராணுவம் செய்தது என்ன தெரியுமா? அந்த அதிகாரியிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியது. போலீசுக்குப் போகவில்லை. அப்புறம் இன்னொரு மேலாளரிடமிருந்து ஆயிரக்கணக்கில் செய்திகள் வர ஆரம்பித்தபோது, முதல் புகாருக்கு நேர்ந்த கதியைப் பார்த்துவிட்ட பெண் இரண்டாவது புகார் எப்படிக் கொடுப்பார்? கொடுக்கவில்லை. அந்த வருடம் டிசம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார். முதல் புகாரை ராணுவம் கையாண்ட விதமும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று 2025 பிப்ரவரியில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். மன்னிப்புக் கடிதம் எழுதிய அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு ராணுவ நீதிமன்றத்தில் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றது அதே வருடம் அக்டோபரில். புகார் கொடுத்தவர் இறந்து அதற்குள் நான்கு வருடம் ஆகப்போகிறது.

லீ யே ராம். தென் கொரிய விமானப்படை. 2021 மார்ச் மாதம், ஒரு விருந்து முடிந்து காரில் திரும்பும்போது மேல்நிலையில் இருந்தவர் அத்துமீறினார். யே ராம் உடனே புகார் சொன்னார். ஆனால் அந்த விருந்தே கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி நடந்த விருந்து. புகார் வெளியே போனால் விருந்தும் வெளியே போகும். அதனால் மேலே இருந்தவர்கள் சமரசம் பேசினார்கள், மூடிமறைக்கச் சொன்னார்கள். வேறு தளத்துக்கு மாற்றலாகிப் போயும் நிம்மதி கிடைக்கவில்லை. மே மாதம் இறந்துபோனார். விமானப்படை வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

மூன்று கதையிலும் நீதிமன்றம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதனால்தான் முதல் சில நாட்கள் என்கிறேன்.

இப்போது முதல் வழி, கமாண்டர். இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒழுங்குக்குப் பொறுப்பு கமாண்டர்தான், அந்த அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு ஒழுங்குக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்பார்கள். நடுக்கடலில் கப்பலில், வெளிநாட்டு மண்ணில், போர்முனையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். இன்னொரு வாதமும் உண்டு, இதுதான் கனமானது: சாட்சி இல்லை, ஜெயிக்காது என்று ஊர் அரசு வழக்கறிஞர்கள் கைவிடும் வழக்குகளைக்கூட கமாண்டர்கள் ராணுவ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது. அமெரிக்காவில் அப்படி நடந்திருப்பதும் உண்மை.

ஆனால் கமாண்டருக்கு இந்தப் புகாரில் சொந்த அக்கறை இருக்கிறது. அவருடைய பிரிவு, அவருடைய பெயர், அவருடைய பதவி உயர்வு, அவர் தட்டிக்கொடுத்து வளர்த்த சார்ஜன்ட். கொரியாவில் பார்த்தோம், ஒரு விருந்தை மறைக்க வேண்டும் என்ற அற்பக் காரணமே போதுமாக இருந்தது. கமாண்டர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. நல்ல கமாண்டருக்கும் இரண்டு பக்கமும் தன் ஆட்கள்தான், அதில் ஒருவர் பத்து வருடமாகத் தெரிந்தவர், இன்னொருவர் போன மாதம் வந்தவர் என்றால் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று நமக்கே தெரியும்.

இத்தாலியில் உள்ள அவியானோ அமெரிக்க விமானத் தளத்தில் நடந்தது இதற்குப் பெயர் போன உதாரணம். பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒரு லெப்டினன்ட் கர்னலை ராணுவ ஜூரி குற்றவாளி என்று தீர்மானித்து ஒரு வருடச் சிறையும் பணிநீக்கமும் விதித்தது. 2013 பிப்ரவரியில் ஒரு ஜெனரல், விசாரணை நடந்த அறையில் உட்காராதவர், தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்தத் தீர்ப்பையே ரத்து செய்து அவரை மீண்டும் பணியில் சேர்த்தார். சட்டப்படி அப்போது அது முடியும். எழுந்த கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ரத்து அதிகாரத்தைக் குறுக்கியது, ஆனால் வழக்குத் தொடரும் அதிகாரத்தைத் தொடவில்லை. அதையும் எடுக்க வேண்டும் என்று செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் கொண்டுவந்த மசோதாவுக்கு 2014 மார்ச்சில் 55 வாக்குகள் கிடைத்தன, தேவை 60. அதற்குள் 1991இல் லாஸ் வேகாஸில் நடந்த கடற்படை விமானிகளின் டெயில்ஹூக் கூட்டம், 1996 அபர்டீன் பயிற்சி முகாம், லாக்லாண்ட் விமானப்படைப் பயிற்சித் தளம் என்று பாலியல் அத்துமீறல் விவகாரங்கள் வரிசையாக வெடித்திருந்தன. ஒவ்வொரு முறையும் "இனி சகித்துக்கொள்ள மாட்டோம்" என்று தளபதிகள் வந்து சொன்னார்கள். இருபது வருடத்துக்கு மேல் கொடுத்த அவகாசம் போதும். முதல் வழியை நான் இத்தோடு ஒதுக்கிவிடுகிறேன்.

இரண்டாவது வழியை அமெரிக்கா தேர்ந்தெடுத்ததற்கு வனெஸாவின் குடும்பம் ஒரு பெரிய காரணம். 2020 டிசம்பரில் ஃபோர்ட் ஹூட் பற்றிய தனிக்குழு 70 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது, 14 அதிகாரிகள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள் அல்லது இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த வருடம், படைகளில் பாலியல் குற்றங்களை ஆராய அமைக்கப்பட்ட, லின் ரோசந்தால் தலைமையிலான ஆணையம் 82 பரிந்துரைகள் கொடுத்தது. அதன்பிறகு 2021 இறுதியில் கையெழுத்தான சட்டப்படி, 2023 டிசம்பர் 28 முதல் கொலை, பாலியல் வன்கொடுமை, குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை செய்வது போன்ற குற்றங்களில் வழக்குப் போடுவதா என்ற முடிவு கமாண்டரிடம் இல்லை. சிறப்பு விசாரணை வழக்கறிஞர் அலுவலகம் என்று ஒன்று ஒவ்வொரு படைக்கும் அமைக்கப்பட்டு, அது நேராக அந்தப் படைக்கான சிவிலியன் செயலாளரிடம் பதில் சொல்கிறது. அதன் முடிவைக் கமாண்டர் மாற்ற முடியாது. 2025 ஜனவரி முதல், விசாரணையில் உறுதியான பாலியல் தொல்லைப் புகார்களும் அதே அலுவலகத்துக்குப் போகின்றன. இந்தக் கடைசிப் பகுதி முக்கியம், ஏனென்றால் தொல்லை எங்கே சகிக்கப்படுகிறதோ அங்கேதான் வன்கொடுமையும் அதிகம் என்று ராண்ட் நிறுவனம் அமெரிக்கப் படைகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த வழியில் நல்லது நிறைய. ராணுவ வாழ்க்கை தெரிந்த வழக்கறிஞர்கள், உலகத்தில் எந்தத் தளத்திலும் விசாரிக்க முடியும், இதையே தொழிலாகச் செய்வதால் அனுபவம் சேரும். ஆனாலும் அவர்களும் அதே சீருடைதான். தரைப்படையின் அந்த அலுவலகத்துக்கு முதலில் தலைமை தாங்க இருந்த ஜெனரல், அலுவலகம் வேலை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு நீக்கப்பட்டார். 2013இல் அவர் எழுதிய ஒரு மின்னஞ்சல், பாலியல் புகார்களைப் பற்றியும் அரசியல் அழுத்தம் பற்றியும் அவர் என்ன நினைத்தார் என்பதைக் காட்டிவிட்டது. நீக்கியது சரி. ஆனால் அப்படி ஒருவர் அந்த நாற்காலி வரை வந்தார் என்பதும் நமக்கு ஏதோ சொல்கிறது. அப்புறம், உள்ளே இருக்கும் அமைப்பை உள்ளே இருப்பவர்களே மாற்றலாம். வழக்குப் போடும் அதிகாரம் சட்டத்தில் இருப்பதால் பாதுகாப்பாக இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய கட்டங்கள் அமைச்சரின் உத்தரவில் தொங்குகின்றன. 2025 செப்டம்பரில் குவாண்டிகோ ராணுவத் தளத்தில் நாட்டின் ஜெனரல்களை எல்லாம் உட்காரவைத்து, உள் விசாரணை, சமவாய்ப்பு அலுவலகங்களில் பெயர் சொல்லாமல் கொடுக்கும் புகார்கள் இனி கிடையாது என்று பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்ஸெத் அறிவித்தார். பயந்துபோன ஒரு 20 வயதுப் பெண்ணுக்கு அதைக் கேட்டால் என்ன தோன்றும்?

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் அமெரிக்கப் படைகளில் உள்ள பெண்களில் 8.4 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்தில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாக அரசின் கணக்கெடுப்பு சொன்னது, 2023இல் அது 6.8 ஆனது. இந்த இறக்கத்தைச் சிறப்பு வழக்கறிஞர்களின் வெற்றி என்று காட்ட முடியாது, அவர்கள் வேலை தொடங்கியதே அதற்குப் பிறகுதான். இன்னொன்றும் உண்டு: 2018 கணக்கெடுப்பு மதிப்பிட்ட சுமார் 20,500 பேரில் ஏறத்தாழ 7,500 பேர் ஆண்கள். இதைப் பெண்கள் பிரச்சினை என்று மட்டும் பார்க்கிற எந்த அமைப்பும் அந்த ஆண்களைக் கைவிடுகிறது.

மூன்றாவது வழிக்கு வருவோம். கொரியா இதைத்தான் தேர்ந்தெடுத்தது. யே ராமின் பெற்றோர் விடவில்லை. விமானப்படைத் தளபதி பதவி விலகினார். அந்த ஆகஸ்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூலை 1 முதல் பாலியல் குற்றங்களும், குற்றம் காரணமாக நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்படும் மரணங்களும் ஆரம்பத்திலிருந்தே சாதாரணப் போலீஸ், சாதாரண நீதிமன்றத்துக்குப் போகின்றன. அதே நாளில் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குள் ராணுவத்தினரின் உரிமை மீறல் புகார்களைக் கவனிக்க ஒரு பாதுகாவலர் பதவியும் உருவானது. இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

கனடாவின் கதை இன்னும் நீளம். அங்கே 1998 வரை நாட்டுக்குள் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள் சாதாரண நீதிமன்றத்தில்தான் இருந்தன. அந்த வருடம்தான் ராணுவத்துக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்பட்டது. விளைவு? 2015இல் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி மரி டெஷாம் கடுமையான அறிக்கை கொடுத்தார். ராணுவம் "ஆபரேஷன் ஆனர்" என்று ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. அதைத் தொடங்கிய தலைமைத் தளபதி ஜோனதன் வான்ஸ் மீதே பின்னால் புகார் வந்தது, 2022இல் நீதி விசாரணைக்கு இடையூறு செய்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2019இல் ஒப்புக்கொண்ட இழப்பீட்டுத் தொகை மட்டும் 90 கோடி கனடிய டாலர் வரை. 2022 மே மாதம் இன்னொரு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பர் 48 பரிந்துரைகள் கொடுத்தார், அதில் தலையானது இந்தக் குற்றங்களை ராணுவத்தின் கையிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள் என்பது. இடைக்காலப் பரிந்துரையாக அவர் அதை முந்தைய வருடமே சொன்னபோது ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த், தந்தை வழியில் தமிழ்நாட்டு வேர் கொண்டவர். ஆனால் அதைச் சட்டமாக்கும் மசோதா 2024இல்தான் வந்தது, நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதில் அது காலாவதியாகி, 2025இல் மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. இடையில் சில மாகாணங்கள் ஆளும் பணமும் இல்லாமல் எங்கள் போலீஸ் இந்த வழக்குகளை எப்படி எடுப்பது என்று தயங்கின. மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கும் எவரும் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வெளி நீதிமன்றம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், ஜப்பானைப் பாருங்கள். அங்கே ராணுவ நீதிமன்றமே கிடையாது. ஆனாலும் தற்காப்புப் படை வீராங்கனை ரினா கோனோய் 2021 ஆகஸ்டில் சக வீரர்கள் செய்த அத்துமீறலைப் புகார் செய்தபோது, பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் முன்வராததால் வழக்கு கைவிடப்பட்டது. அவர் வேலையை விட்டுவிட்டு, முகத்தையும் பெயரையும் வெளியே காட்டிப் பேசி, கையெழுத்து திரட்டிய பிறகுதான் வழக்கு மறுபடி திறக்கப்பட்டு, 2023 டிசம்பரில் ஃபுகுஷிமா நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. கோர்ட் வெளியே இருந்தாலும் சாட்சிகள் முகாமுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் வாயை மூடவைக்கும் சக்தி மேலதிகாரிக்கு இருக்கும்வரை நீதிபதி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதால் பெரிய மாற்றம் வராது.

ஆகவே முதல் சில நாட்களுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இங்கே அமெரிக்கா முந்தி நிற்கிறது, இதை ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். அங்கே 2005 முதல் இரண்டு விதமாகப் புகார் கொடுக்கலாம். முழுப் புகார் என்றால் விசாரணை தொடங்கும். ரகசியப் புகார் என்றால் ஒருங்கிணைப்பாளர், பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பவர், மருத்துவர் இவர்களோடு நிற்கும். சிகிச்சை, ஆலோசனை, தடயச் சேகரிப்பு எல்லாம் உண்டு, ஆனால் யார் என்று கமாண்டருக்குப் போகாது. பின்னால் மனம் மாறினால் முழுப் புகாராக மாற்றிக்கொள்ளலாம். 2019இல் இன்னொன்றும் சேர்ந்தது: ரகசியமாகப் புகார் கொடுத்தவர் தன் பெயரில்லாமல் குற்றவாளியைப் பற்றிய விவரத்தை ஒரு தரவுத்தளத்தில் பதியலாம், அதே ஆள் வேறு புகாரிலும் அகப்பட்டால் இவருக்குத் தகவல் சொல்லி, இப்போது முன்வருகிறீர்களா என்று கேட்பார்கள். தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம்தான் பலரின் வாயை அடைக்கிறது, அதை இந்த ஏற்பாடு தொடுகிறது. புகார் கொடுத்தவர் அன்று விதியை மீறிக் குடித்திருந்தார் என்பது போன்ற சின்னத் தவறுகளுக்காக அவரைத் தண்டிக்காத விதியும் இருக்கிறது.

கனடாவில் நேர்மாறாக இருந்தது. எந்தத் தவறைக் கேள்விப்பட்டாலும் மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்பது படையினர் எல்லோர் மீதும் இருந்த கடமை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில், அழுதுகொண்டே தோழியிடம் சொன்ன விஷயம் மறுநாள் அதிகாரியின் மேஜையில் இருக்கும், சொன்னவருக்கு அதை நிறுத்த வழியே இல்லை. அதனால் தோழியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆர்பர் அதை நீக்கச் சொன்னதும் அதனால்தான்.

என் தேர்வு இது. உள்நாட்டில் நடக்கும் பாலியல் வன்கொடுமைக்கு மூன்றாவது வழி, அதாவது சாதாரணப் போலீஸ், சாதாரண நீதிமன்றம். பிரிட்டனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஷான் லயன்ஸ் பாலியல் பலாத்கார வழக்குகளுக்கு இதைத்தான் பரிந்துரைத்தார், அரசு ஏற்கவில்லை. ஜேஸ்லி பெக்கை நினைக்கும்போதெல்லாம் அந்த மறுப்பு எனக்கு உறுத்துகிறது. கப்பலிலும் வெளிநாட்டிலும் முதல் விசாரணையை ராணுவப் போலீஸ் செய்யலாம், ஆனால் வழக்கு முடிவு வெளியே. வன்கொடுமை அளவுக்குப் போகாத தொல்லைக்கு, கிண்டல், தொடர் செய்திகள், பதவியைக் காட்டி மிரட்டுவது இவற்றுக்கு, கமாண்டருக்கு வெளியே உள்ள, சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு அமைப்பு வேண்டும். கொரியா சேர்த்த பாதுகாவலர் பதவி இதற்கு ஒரு முன்மாதிரி. அமெரிக்க ரகசியப் புகார் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கமாண்டரிடம் மிச்சம் இருப்பது ஒரே பொறுப்பு: புகார் கொடுத்தவரும் சாட்சி சொன்னவரும் பழிவாங்கப்படாமல் பார்த்துக்கொள்வது. அதில் தவறினால் பதவி போக வேண்டும். நடுக்கடல், போர்முனை என்று முதல் வழிக்காரர்கள் சொன்ன சிரமங்கள் இதில் மறைந்துவிடாது, ஆனால் அவை விசாரணையைச் சிரமமாக்கும், அவ்வளவுதான். கமாண்டரின் சொந்த அக்கறை விசாரணையே நடக்காமல் செய்துவிடும்.

இந்தியாவில் நிலைமை விசித்திரமானது. 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, வெளியாள் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்த ராணுவத்தினரைச் சாதாரணமாக ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது. களப்பணி, வெளிநாடு, அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடி இவற்றுக்கு மட்டும் விலக்கு. பாதிக்கப்பட்டவரும் சீருடையில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, எந்த நீதிமன்றம் என்று முடிவு செய்வது 125ஆம் பிரிவின்படி அதிகாரியின் விருப்பம். விமானப்படைச் சட்டமும் இதே வார்ப்புதான். 2021 செப்டம்பரில் கோவை விமானப்படைக் கல்லூரியில் ஒரு பெண் அதிகாரி கொடுத்த புகாரில் நகரத்து மகளிர் காவல் நிலையம் சக அதிகாரியைக் கைது செய்தது. உள்ளே சரியாக நடவடிக்கை இல்லை என்பதால்தான் போலீசுக்கு வந்தேன் என்றும், தடை செய்யப்பட்ட இரு விரல் பரிசோதனை தனக்குச் செய்யப்பட்டது என்றும் அவர் சொன்னார், அந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்று விமானப்படை மறுத்தது. மாதம் முடிவதற்குள் கோவை மகளிர் நீதிமன்றம் வழக்கை விமானப்படையிடமே ஒப்படைத்தது. சட்டம் அப்படி இருக்கும்போது நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்ற வேண்டியது 70ஆம் பிரிவும், மற்ற இரண்டு படைகளின் சட்டங்களில் அதற்கு இணையான பிரிவுகளும். பாதிக்கப்பட்டவர் சீருடையில் இருந்தாலும் இதே தடை பொருந்தும் என்று நாடாளுமன்றம் திருத்தலாம். கொரியாவுக்கு, யே ராம் இறந்த நாளிலிருந்து சட்டம் நிறைவேறும்வரை ஆனது ஏறக்குறைய மூன்று மாதம்.